நட் பிரவுன் ஏல்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், டாட்காஸ்டர் என்ற சிற்றூரில் 1758-இல் தொடங்கிய பீர் ஆலை இன்றும் ஓடுகிறது. சாமுவேல் ஸ்மித் நட் பிரவுன் ஏல் அங்கேதான் பிறக்கிறது: ஆழ்கிணற்று நீர், கல்தொட்டிகளில் நொதித்தல்.

கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பழுப்புக்குள் செம்பு மினுங்கும். நுரை அடங்குமுன் முகர்ந்தால் வறுத்த கொட்டை வாசம். கொட்டை எதுவும் சேர்ப்பதில்லை. எல்லாம் வறுபட்ட மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, செய்யும் வேலை. முதல் வாயில் கருகும் பதத்துச் சர்க்கரைப் பாகின் இனிப்பு. விழுங்கியபின் நாக்கின் ஓரத்தில் மெல்லிய கசப்பு. கசப்பூட்டும் ஹாப்ஸ் பூ இங்கே அடக்கி வாசிக்கிறது, எனக்குப் பிடித்ததே அதுதான். ஆல்கஹால் 5 சதவீதம்.

ஐஸாகக் குளிர்ந்தால் இந்த மணம் எழாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள்.