மீன்பாட்டை வரைந்து பார்த்தல்

மட்டக்களப்பு வாவியின் நீரடியிலிருந்து கேட்கும் மீன்பாட்டைப் பற்றி எழுதியவர்களுள் காதைத் தீட்டிக்கொண்டு எழுதியவர் எமர்சன் ரெனன்ற். 1848 செப்டெம்பரில் இங்கு வந்த, இலங்கையின் அன்றைய குடியேற்ற நாட்டுச் செயலாளர், தாம் கேட்டது ஒரே நீண்ட சுரம் அல்ல, ஒவ்வொன்றும் தனித்துத் தெளிவாகக் கேட்கும் எண்ணற்ற சிறு ஒலிகள் என்று குறித்துவைத்தார். மீட்டிய தந்தியின் மெல்லதிர்வையும், ஈரவிரலால் தேய்த்த கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பையும் உவமையாகச் சொன்னார். பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அது உயிரியலாளர் கவலை. இசை ரசிகருக்கு முக்கியம், ரெனன்ற் விவரித்தது ஏறக்குறைய ஒரு படம் என்பதுதான். மேலும் கீழுமாக, நெருக்கமாக, மெலிதாக ஓடும் பல கோடுகள். படம் வரைந்தால் ஒலியாக்கித் தரும் மென்பொருள்கள் இன்று இருக்கின்றன. அவற்றைக் கண்ணுக்கு வேடிக்கை காட்டும் பொம்மை என்று ஒதுக்குவோர் பலர். செவியைப் பழக்க இவற்றைப் போன்ற கருவி குறைவு என்பது என் கட்சி.

இவற்றின் மூதாதை ரஷ்யப் பொறியியலாளர் எவ்கேனி மூர்சினின் ஏ.என்.எஸ். என்ற கருவி. கறுப்புப் பசை பூசிய கண்ணாடித் தகட்டைச் சுரண்டினால், சுரண்டிய இடத்தில் ஒளி புகுந்து ஒலியாகும். எட்டுச் சுர இடைவெளி ஒன்றுக்கு 72 படி, மொத்தம் 720 தூய ஒலிகள். தார்க்கோவ்ஸ்கியின் ‘சொலாரிஸ்’ (1972) படத்தில் கேட்கும் அமானுஷ்ய ஒலிகள் இதில் பிறந்தவை. இசையமைப்பாளர் செனாக்கிஸ் பாரிஸில் உருவாக்கிய யூபிக் (1977) இதே எண்ணத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தது. இந்த மென்பொருள்களின் விதி எளிது: இடமிருந்து வலம் காலம், கீழிருந்து மேல் சுருதி, கோட்டின் ஒளி ஒலியின் உரம். கிடைக்கோடு வரைந்தால் நிலைத்த சுரம். சாய்த்தால் வழுக்கிக்கொண்டு ஏறும். ஓரிடத்தை முழுக்கத் தீட்டினால் வெறும் இரைச்சல். ஆனால் ஒற்றைக் கோடு சீழ்க்கையாகத்தான் கேட்கும், அதில் சதைப்பற்று இருக்காது. வீணைத் தந்திபோல ஒலிக்க வேண்டுமானால் அடிக்கோட்டுக்கு மேலே அதிர்வெண்ணின் இரண்டு மடங்கில், மூன்று மடங்கில், நான்கு மடங்கில் மங்கிக்கொண்டே போகும் கோடுகளை அடுக்க வேண்டும். அப்படி அடுக்கும்போது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே ச–ப இடைவெளி தானாக வந்து விழும். அதற்கு மேலே ப–ச. பழந்தமிழிசையில் கிளை, நட்பு என்று படித்த சுர உறவுகளைக் கை இங்கே அளந்து பார்க்கிறது.

கண்ணுக்கு அழகான படம் காதுக்கு அழகாக இருக்குமா என்பது நியாயமான கேள்வி. பெரும்பாலும் இருக்காது. மின்னிசைக் கலைஞர் அஃபெக்ஸ் ட்வின் 1999இல் தன் முகத்தையே ஒரு பாடலுக்குள் ஒளித்துவைத்தார். ஒலியைக் கோடுகளாக விரித்துக் காட்டும் ஒலிப்படத்தில் முகம் பளிச்சென்று தெரியும், கேட்டால் கரகரப்புதான். தாமரையை வரைந்து தாமரையின் இசை என்று மகிழ்வோருக்கும் இதே கதி. இதை நான் குறையாக எண்ணவில்லை. காதுக்காக வரையாத கோட்டை இந்தக் கருவி அந்தக் கணமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இன்னொரு மறுப்புக் கர்நாடக இசைவாணர்களுடையது: கமகம் குருவின் தொண்டையிலிருந்து வர வேண்டியது, கோட்டில் வராது என்பார்கள். கோடு குருவுக்கு மாற்று அல்ல, உண்மை. ஆனால் சுரக்குறிப்பில் ‘க’ என்று ஓரெழுத்தாக நிற்கும் தோடியின் காந்தாரம், பாடும்போது ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே ஊசலாடுகிறது. அந்த ஊசலை வரையத் தொடங்கியவர் கேட்டுத்தான் தீர வேண்டும்: மேலே எவ்வளவு, எத்தனை முறை, எங்கே தயங்குகிறது? ஒழுங்கான அலையாக வரைந்தால் அம்புலன்ஸ் சங்கு கேட்கும். ஒவ்வொரு வளைவையும் சற்றே வேறாக்கினால்தான் தோடியின் வாடை வரும். எழுத்து விட்டுவிட்டதைக் கோடு பிடிக்கிறது. குறைந்தது, விடுபட்டது எதுவென்று காட்டுகிறது.

கோடு தோற்கும் இடமும் உண்டு. வடமோடிக் கூத்தின் மத்தளச் சொற்கட்டை வரைய முனைந்தால் மிஞ்சுவது குச்சி குச்சியான செங்குத்துக் கீறல்கள், ஒலிப்பது ‘டக் டக்’. சுருதியை நுணுக்கமாகப் பிரிக்கப் பிரிக்கக் காலம் மங்கும். காலத்தைக் கூராக்கினால் சுருதி குழம்பும். இது மென்பொருளின் சோம்பல் அல்ல, அதிர்வின் இயல்பு. அதனால் முழவை விட்டுவிட்டு நீருக்கு வருவோம். கல்லடிப் பாலத்தடியில் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார்கள் நம்மவர்கள்; கத்தோலிக்கக் குரு லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார். விபுலாநந்த அடிகள் அந்த ஒலியை நீரரமகளிர் பாட்டாகக் கற்பனை செய்து கவிதை எழுதினார். அறிவியல் பட்டதாரியான அதே அடிகள்தான் ‘யாழ்நூ’லில் (1947) அலகுகளைக் கணக்கிட்டு, வழக்கொழிந்த யாழின் தந்திகளுக்கு நீளமும் கண்டார். கேட்டறியாத கருவியைக் கணக்கால் மீட்டெடுக்கலாம் என்றால், விவரிப்பின் வழியே அறிந்த ஓர் ஒலியைக் கோட்டால் தேடிப்பார்ப்பதில் பிழையில்லை. அது போலி என்பார்கள். போலிதான், ஆனால் எத்தனை கோடு, எவ்வளவு நெருக்கம், எது முதலில் மங்குகிறது என்று வரைபவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுகளோடு பாலத்தடிக்குப் போகிறவர் அங்கே எதைக் கேட்பது என்று அறிந்தே போவார்.

ஏ.என்.எஸ். கருவியைப் போன்று இயங்கும் ‘விர்ச்சுவல் ஏ.என்.எஸ்.’ மென்பொருள் கணினிக்கு இலவசமாகவே கிடைக்கிறது. கல்லடியில் விபுலாநந்த அடிகளின் பெயரால் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம் படிப்போரும் சித்திரம் படிப்போரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். இரு வகுப்பினரையும் ஒரு கணினியின் முன் சேர்த்து உட்காரவைத்து, ரெனன்றின் விவரிப்பை முதல் பாடமாகக் கொடுக்க வேண்டும்.