ஈஸ்ட்டும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டும்

எப்போதும் களைப்பாக இருக்கிறதா? ஞாபக மறதி உண்டா? இனிப்பைக் கண்டால் கை பரபரக்கிறதா? சிகரெட் புகை ஆகவே ஆகாதா? புழுக்கமான நாட்களில் உடம்பு இன்னும் படுத்துகிறதா?

ஆமாம் என்று சொல்லச் சொல்ல மார்க் ஏறும். பெண்கள் 180ஐத் தாண்டினால், ஆண்கள் 140ஐத் தாண்டினால், உங்கள் தொந்தரவுகளுக்கு ஈஸ்ட்தான் காரணம் என்பது கிட்டத்தட்ட நிச்சயம். இப்படிப் பரீட்சை வைக்கிற புத்தகத்தின் பெயர் ‘தி ஈஸ்ட் கனெக்‌ஷன்’. எழுதியவர் வில்லியம் க்ரூக், அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்து ஜாக்சன் நகர டாக்டர். 1983ல் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. க்ரூக் 2002ல் காலமாகிவிட்டார். அவருடைய கேள்வித்தாளும் ‘சாப்பிடக்கூடாதவை’ பட்டியலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ‘கேண்டிடா டயட்’ என்ற பெயரில் உலகம் சுற்றுகின்றன.

அந்தப் புழுக்கக் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். டென்னஸியில் அது எப்படியோ, சென்னையில் ஏப்ரல் தொடங்கி ஆறு மாதம் ஊருக்கே மார்க் போடவேண்டியிருக்கும்.

கேண்டிடா என்பது கற்பனை அல்ல. நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் சத்தமில்லாமல் குடியிருக்கிற ஈஸ்ட் அது. மற்ற பாக்டீரியாக்கள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. ஆன்டிபயாடிக் சாப்பிட்டு அந்தக் காவல்காரர்களைக் கொன்றுவிட்டால் இது தலைதூக்கும். நாக்கில் வெள்ளையாகப் படியும். பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வரும். நான்கில் மூன்று பெண்களுக்கு ஆயுளில் ஒரு தடவையாவது வந்துவிடுகிற சமாசாரம். ஐ.சி.யூ.வில் கிடக்கிறவர்களின் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில் இதற்கு முதல் வரிசையில் இடம்.

க்ரூக் பேசுவது இவை எதையும் அல்ல. அலபாமாவைச் சேர்ந்த ஓரியன் ட்ரஸ் என்ற டாக்டர் 1970களில் சொல்ல ஆரம்பித்ததைத்தான் இவர் ஊதிப் பெரிதாக்கினார். பரிசோதனையில் எதுவும் தென்படாவிட்டாலும், குடலில் பெருகிய ஈஸ்ட் உடம்பு முழுவதையும் கெடுக்கிறது என்பது கட்சி. தலைவலி, மூட்டுவலி, மனச்சோர்வு, சொறி, கோபம் எல்லாமே அதன் கைங்கர்யம். வைத்தியம், நிஸ்டாட்டின் மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும். சர்க்கரை கூடாது. ரொட்டி, சீஸ், வினிகர், காளான், பீர் கூடாது. முதல் சில வாரங்கள் பழம்கூடக் கூடாது.

பி.காம். படித்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் தெரிந்திருக்கும். ட்ரயல் பாலன்ஸ் டேலி ஆகாவிட்டால், இடிக்கிற தொகையைத் தூக்கி அதில் போட்டுவிட்டு மேலே போகலாம். ஆனால் அது தற்காலிக ஏற்பாடு. பிறகு உட்கார்ந்து, தப்பு எங்கே என்று கண்டுபிடித்து அந்த அக்கவுண்ட்டை மூடவேண்டும். க்ரூக் டேலி ஆகாத வியாதிகளையெல்லாம் ஈஸ்ட் பேரில் எழுதினார். மூடவே இல்லை.

1986லேயே அமெரிக்க அலர்ஜி டாக்டர்கள் சங்கம் இதைத்தான் சொன்னது. நிரூபணம் இல்லாத ஊகம், இந்த அறிகுறிகள் எந்த நோயாளிக்கும் எப்போதாவது பொருந்தும் என்று. 1990ல் அலபாமாவிலேயே 42 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. நிஸ்டாட்டினும் போலி மருந்தும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பிறப்புறுப்புத் தொந்தரவு நிஸ்டாட்டினால் குறைந்தது. களைப்பு, சோர்வு வகையறாவில் போலி மருந்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. உணவுக் கட்டுப்பாட்டைச் சேர்க்காமல் ஆய்வு செய்தால் எப்படி என்று க்ரூக் கட்சிக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2001ல் நார்வேயில் 116 பேரை வைத்து நடந்த ஆய்வு இவர்களுக்குக் கொஞ்சம் சாதகமாகவே வந்தது. ஆனால் அதில் யார் பத்தியம் இருப்பது என்பதை அவரவர் இஷ்டத்துக்கு விட்டிருந்தார்கள். இஷ்டப்பட்டுப் பத்தியம் இருப்பவர், குணமாகிவிட்டது என்று சொல்லவும் இஷ்டப்படுவார் இல்லையா?

சரி, சர்க்கரையை நிறுத்தினால் ஈஸ்ட் பட்டினியால் சாகுமா? கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நாம் சாப்பிடும் சர்க்கரையில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொண்டுவிடுகிறது. ரத்தத்திலோ, ஆரோக்கியமான ஆள் வெறும் வயிற்றில் இருந்தாலும் 70 முதல் 100 வரை சர்க்கரை ஓடிக்கொண்டே இருக்கும். குறைந்தால் கல்லீரல் தயாரித்துக் கொடுக்கும். ஜெர்மனியில் 28 ஆரோக்கியமானவர்களுக்கு வேண்டுமென்றே அதிகச் சர்க்கரை கொடுத்துப் பார்த்து, 1999ல் முடிவை வெளியிட்டார்கள். குடலில் கேண்டிடா அப்படியொன்றும் பெருகிவிடவில்லை.

ரொட்டி ஈஸ்ட் வேறு இனம். அடுப்பில் வெந்தால் செத்தும் போகிறது. நம் இட்லி மாவில் புளிப்பு ஏற்றுகிறவற்றுக்கும் ஆவியில் அதே கதிதான். காளானும் பூஞ்சை வகை என்பதால் காளான் தின்றால் பூஞ்சை வளரும் என்பது, தேங்காய்ச் சட்னி சாப்பிட்டால் தலையில் தென்னை முளைக்கும் என்பது போல.

இந்த வைத்தியத்தில் என்னை அசரவைத்தது ‘டை ஆஃப்’. பத்தியம் ஆரம்பித்த சில நாளில் தலைவலி, எரிச்சல், அசதி வந்தால் பயப்படாதீர்கள், ஈஸ்ட் சாகும்போது விடும் விஷம் அது, வைத்தியம் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்கிறார்கள். காப்பி, இனிப்பு, மாவுப் பண்டம் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் யாருக்குத்தான் தலை வலிக்காது? குணமானால் டயட்டின் வெற்றி. மோசமானாலும் டயட்டின் வெற்றி. இப்படி ஒரு வியாபாரம் கிடைத்தால் நஷ்டமே கிடையாது. நிஜமாகவே வியாபாரமும் நடந்தது. ‘கான்ட்ரால்’ என்ற ஈஸ்ட் மாத்திரையை இதே மாதிரி ஒரு சுயபரிசோதனையைக் காட்டி விற்ற நேச்சர்ஸ் வே கம்பெனி, 1990ல் அமெரிக்க வர்த்தகக் கமிஷனிடம் மாட்டி, ஈஸ்ட் ஆராய்ச்சிக்கு 30,000 டாலர் கொடுத்து சமாதானமாகப் போயிற்று.

பத்தியம் இருந்து உடம்பு தேறியவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கேக்கையும் பீரையும் நிறுத்தினால் யாருக்கும் தேறும். க்ரூக்குக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ‘எல்லாம் உன் மனப்பிரமை, போம்மா’ என்று மற்ற டாக்டர்கள் அனுப்பிவைத்த பெண்களை உட்காரவைத்துக் கேட்டவர். ஆன்டிபயாடிக்குகளை இஷ்டத்துக்கு முழுங்காதே என்று அன்றே சொன்னவர். மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் அதை வாங்குகிற நாம் இதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

ஆனால் இந்த டயட் வேறொரு இடத்தில் நிஜமாகவே ஆளைக் கவிழ்க்கும். ஒரு நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். ஓயாத களைப்பு. அரிப்பு திரும்பத் திரும்ப வருகிறது. வெளியே சொல்லக் கூச்சம். கேள்வித்தாளில் 200 மார்க் வாங்குகிறார். சர்க்கரையையும் சோற்றையும் நிறுத்துகிறார். ஒரு மாதத்தில் அரிப்பு குறைகிறது. கும்பிடுகிறார் க்ரூக்கை.

அவருக்கு இருந்தது நீரிழிவு. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை வியாதிக்காரர்களிடம்தான் கேண்டிடா சந்தோஷமாக வளரும். அரிப்பு அதன் முன்னறிவிப்பு. பத்தியம் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கியதால் அந்த மணி அடிப்பது நின்றுபோனது. உள்ளே கண்ணும் கிட்னியும் நரம்பும் வருஷக்கணக்கில் கெட்டுக்கொண்டிருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடிபட்டிருக்க வேண்டியது, ஈஸ்ட் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. தைராய்டு, ரத்தசோகை எல்லாம் இப்படியே அந்தக் கணக்கில் ஒளிந்துகொள்ளலாம். ரத்தசோகை உள்ள ஒல்லிப்பெண் இந்தப் பட்டியலைக் கட்டிக்கொண்டு அழுதால் என்ன ஆவாள்?

ஏற்கெனவே நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. டாபாக்ளிஃப்ளோசின் மாதிரியான மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. அதனால் அந்த இடத்தில் ஈஸ்ட் தொற்று வருவது தெரிந்த பக்கவிளைவு. வந்தால் டாக்டரிடம் சொல்லவேண்டும். தாமாக மாத்திரையை நிறுத்தக்கூடாது, வினிகரையும் காளானையும் நிறுத்திப் பிரயோஜனம் இல்லை. வருஷத்துக்கு மூன்று தடவைக்கு மேல் வருகிறவர்களுக்கு, வாரம் ஒரு மாத்திரை வீதம் ஆறு மாதம் கொடுக்கிற முறையான வைத்தியம் இருக்கிறது.

சாப்பாட்டால் எதுவுமே ஆகாதா என்றால், 1992ல் நியூயார்க்கில் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. அடிக்கடி தொற்று வரும் பெண்கள் ஆறு மாதம் தினமும் ஒரு கப் தயிர் சாப்பிடவேண்டும், ஆறு மாதம் சாப்பிடக்கூடாது. தயிர் மாதங்களில் தொற்று மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் 33 பேரில் கடைசிவரை நின்றவர்கள் 13 பேர்தான். அதில் சேர்த்தது ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா. நம் வீட்டு உறைமோரில் அதுவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பதின்மூன்று பேரை வைத்து ஊருக்கெல்லாம் தயிரை மருந்தாக எழுதித்தரவும் முடியாது. மற்றவர்கள் எங்கே போனார்கள்? விதியை மீறியதற்காகப் 12 பேரைக் கழித்துவிட்டார்கள். மிச்சம் எட்டுப் பேர், முதலில் தயிர் சாப்பிட்டவர்கள், ஆறு மாதம் முடிந்ததும் அதை நிறுத்த மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.