எங்கள் கதைகளில் நடவாத ஒரு பேச்சு

எமது முஸ்லிம் சிறுகதைகளில் கணவனும் மனைவியும் எதைப் பற்றியெல்லாம் பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுத்துப் பார்க்கலாம். சீதன வீடு, மகளின் கலியாணம், வயல் குத்தகை, வளவுச் சண்டை, சவூதிப் பயணம், மறுதாரம் என்று அது நீளும். அடுத்த பிள்ளை இப்போது வேண்டுமா, வேண்டாமென்றால் என்ன வழி, அந்த வழியை இருவரில் யாருடைய உடம்பு தாங்குவது என்ற பேச்சு மட்டும் அந்தக் கணக்கில் வராது. நான் வாசித்த அளவில் சொல்கிறேன். விதிவிலக்கான கதையொன்று எங்காவது இருக்குமாயின் அதை வாசிக்க ஆவலோடிருக்கிறேன்.

வாழ்க்கையில் இல்லாததால் கதையில் இல்லை என்று சமாதானம் சொல்ல முடியாது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி இந்நாட்டில் மணமாகி வாழும் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 65 பேர் ஏதோவொரு கருத்தடை முறையைக் கைக்கொண்டிருந்தனர். குடும்பத் திட்டச் சங்கம் தொடங்கியது 1953 இல். அரசாங்கம் இதைத் தாய் சேய் நல சேவைக்குள் கொண்டுவந்தது 1965 இல். ஆக, எமது உம்மாமாரின் காலத்திலிருந்தே மிட்வைஃப் வாசலுக்கு வந்து போகிறார். "ஊசி போட்டிரிக்கா", "லூப் வச்சிரிக்கா", "எல்.ஆர்.டி. செஞ்சாச்சி" என்பன எங்கள் கிணற்றடியில் அன்றாடம் புழங்கும் சொற்கள். கிணற்றடியின் மற்றெல்லாச் சொற்களையும் மண்வாசனை என்று அள்ளிவந்த கதாசிரியர்கள் இவற்றை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

சீர்திருத்தக் கதைகளில் இவ்விடயம் ஒருவகையில் வந்ததுண்டு. ஆறாவது பிள்ளைப்பேற்றில் இரத்தம் ஓடிச் சாகும் மெலிந்த மனைவி, தடுப்பது ஹராம் என்று சொல்லும் லெப்பை, கடைசிப் பந்தியில் கண்ணீர்விடும் கணவன். நோக்கம் நல்லது. ஆனால் அங்கே மனைவி ஒரு பிரேதம், கணவன் ஒரு பாடம். இருவரும் ஒருவரோடொருவர் பேசியிருந்தால் அந்தக் கதைக்கே இடமிருந்திராது.

தமிழில் இம்மௌனத்தை உடைத்தவர் என்று நாம் முதலில் சொல்ல வேண்டியவர் துவரங்குறிச்சிக் கவிஞர் சல்மா. அவருடைய 'ஒப்பந்தம்' கவிதையில், வெளியுலகிலிருந்து கணவன் வாங்கிவந்து தரவேண்டிய பொருட்களுள் ஒன்றாகக் கருத்தடைச் சாதனமும் வருகிறது. அதற்கும் இன்னும் சில சிறிய உதவிகளுக்கும் ஈடாக அவள் தன் உடலைத் தருகிறாள். இக்கவிதையைப் 'பச்சையான' கவிதை என்று ஒதுக்கியவர்கள் அதன் தலைப்பைக்கூட வாசிக்கவில்லை. ஒப்பந்தம் என்பது இரு தரப்பு கூடிச் செய்வது. நிகாஹையும் நாம் ஒப்பந்தம் என்றே சொல்கிறோம். ஒரு தரப்புக்குக் கடைக்குப் போகும் கால் இல்லாதபோது அது எப்படிப்பட்ட ஒப்பந்தம் என்பதே கவிதை கேட்கும் கேள்வி. கருத்தடை இங்கு வைத்திய விடயமல்ல, பண்டமாற்று. இதைவிடக் கூர்மையாக இவ்விடயத்தைத் தமிழில் வேறு யாரும் சொன்னதாக நான் அறியேன். 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) நாவலிலும் பெண்கள் உடலைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுகிறார்கள். ஆனால் அப்பேச்சு பெண்களுக்கிடையேதான் செழிக்கிறது.

சல்மாவை அப்படியே எங்கள் ஊருக்கு இறக்குமதி செய்ய முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எமது புதிய பெண் கவிஞர்கள் சிலர் அதைச் செய்கிறார்கள். நான்கு சுவரும் புகுந்த வீடும் அவர்களுடைய கவிதைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. கிழக்கிலங்கையில் புகுந்து வருபவன் மாப்பிள்ளையல்லவா? வீடு பெண்ணுக்குரியது. அடுப்படியில் அவளுடைய உம்மா, பக்கத்து வளவில் ராத்தா. படுக்கையறையில் முடிவாக வேண்டிய விடயத்தை அடுப்படி முன்னமே முடித்துவிடும் ஊர் இது. உம்மாவும் மகளும் கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்த பிறகு, தனக்கு இன்னும் ஏன் பிள்ளை தங்கவில்லையென்று யோசிக்கும் மச்சான் இங்கு உண்டு. பிள்ளையை எப்போது பெறுவதென்று மகளுக்கும் மருமகனுக்கும் சேர்த்துத் தீர்மானிக்கும் மாமியும் உண்டு. இங்கே அதிகாரம் வேறு முடிச்சில் கட்டப்பட்டிருக்கிறது. அம்முடிச்சை அவிழ்க்கும் கவிதை எங்கள் மண்ணிலிருந்துதான் வர முடியும். மாதவிலக்கின் இரத்தத்திலிருந்து யுத்தத்தின் இரத்தம் வரை ஒரே கவிதையில் எழுதிக் காட்டிய அனார் இருக்கும் மண்ணில் இது கூடாத காரியமல்ல.

கதாசிரியர்கள் கவனிக்காத இன்னொன்று, ஒவ்வொரு முறைக்குள்ளும் ஒவ்வொரு கதை இருக்கிறது என்பது. மாத்திரை தினமும் நினைவில் இருக்க வேண்டியது. அட்டையை எங்கே வைப்பது, யார் கண்ணில் படும் என்ற பதற்றம் அதோடு கூடப்பிறந்தது. 'மிதுரி' என்ற மாத்திரையின் பெயருக்குச் சிங்களத்தில் தோழி என்று பொருள். கணவனுக்கு அந்தப் பெயரிலேயே இடமில்லை! மூன்று மாத ஊசிக்கு வீட்டில் ஒரு தடயமும் இராது. சொல்லாமல் செய்ய நினைப்பவள் அதைத் தேர்வது அதனால்தான். ஆனால் ஊசி உடம்பில் தடயம் வைக்கிறது. சிலருக்கு ஒழுங்கில்லாமல் இரத்தம் படுகிறது, சிலருக்கு மாதவிடாய் நின்றே போகிறது. ஒரு முஸ்லிம் வீட்டில் இதன் பொருள் என்ன? பட்டும் படாமலும் காணும் இரத்தம் ஹைளா, இஸ்திஹாளாவா, தொழுவதா விடுவதா என்று அவள் யாரிடம் கேட்பாள்? மாதவிடாய் நின்றவளோ றமழானில் ஒரு நோன்பும் விடாமல் பிடிக்கிறாள். "இந்த முறை ஒனக்கு ஒரு நோம்பும் விடுபடல்லியே, என்ன புள்ள?" என்று மாமியின் தங்கையோ கணவனோ கேட்டுவிட்டால் போதும், கதை தொடங்கிவிட்டது. ஊசியை நிறுத்தினாலும் உடனே பிள்ளை தங்காது, பல மாதங்கள் பிந்தலாம். அந்த மாதங்களில் அவள் சுமக்கும் இரகசியத்தின் கனத்துக்கு ஒரு நாவலே போதாது. இதற்கு மாறாக, ஆணுறையும் நாள் கணக்கும் இருவரும் பேசாமல் ஒருநாளும் நடவாத முறைகள். பலவீனமான முறைகள் என்று வைத்தியர் சொல்வார், சரிதான். ஆனால் பேச்சை வற்புறுத்தும் முறைகள் அவைதான். தாம்பத்தியத்தை எழுத விரும்புபவனுக்கு இது சிறிய விடயமா?

மார்க்கத்துக்குப் பயந்து எழுதவில்லை என்று சொல்வோர் மார்க்க நூல்களைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. அஸ்ல் பற்றி ஸஹாபாக்கள் வெளிப்படையாகப் பேசிய செய்திகள் புஹாரியிலும் முஸ்லிமிலும் உள்ளன. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வின் நிகாஹ் பகுதியில் அதற்கான நோக்கங்களை ஆராய்கையில், பிள்ளைப்பேற்றின் ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காப்பதையும், அவளது அழகு குன்றாதிருப்பதையும், பிள்ளைகள் பெருகி நெருக்கடி வருமென்ற அச்சத்தையும் குறிப்பிடுகிறார். கி.பி. 1111 இல் மறைந்த ஓர் அறிஞர் எழுதத் தயங்காததை எழுத நமது முற்போக்காளர்கள் கூசுகிறார்கள். அதற்கு மனைவியின் சம்மதம் வேண்டுமா என்பதே இமாம்களின் விவாதமாயிருந்தது. ஏனைய மத்ஹபுகளில் பெரும்பாலும் வேண்டும் என்றார்கள். எமது ஷாஃபிஈ மத்ஹபில் அதை நிபந்தனையாக்காத கருத்தே மேலோங்கியது. நான் பத்வா கொடுக்க வரவில்லை. சம்மதம் என்ற சொல் எமது மரபுக்குள் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே விவாதத்துக்கு வந்துவிட்டது, எமது புனைகதைக்குள் இன்னும் வரவில்லை என்பதைத்தான் சுட்டுகிறேன்.

இம்மௌனத்துக்குக் கடந்த சில ஆண்டுகளில் ஒரு புதுக் காரணமும் சேர்ந்துவிட்டது. 2018 பெப்ரவரியில் கொத்து ரொட்டிக்குள் மலட்டு மாத்திரை என்ற வதந்தியால் அம்பாறையில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. 2019 இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் சிங்களப் பெண்களை மலடாக்கினார் என்று பழிசுமத்தப்பட்டுக் கைதானார். அந்தக் காயத்தைக் கவிதையாகவும் கதையாகவும் எழுதினோம். எழுதத்தான் வேண்டும். இல்லாத மாத்திரை ஒன்று எமது இலக்கியத்தில் இவ்வளவு இடம்பிடித்தபோது, தலையணைக்கடியில் உள்ள உண்மையான மாத்திரைக்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை. அதைவிட மோசமான விளைவொன்றும் உண்டு. பிள்ளைகளின் தொகையை எதிரி எண்ணத் தொடங்கியதும் நாமும் எண்ணத் தொடங்கினோம். இரண்டோடு நிறுத்திக்கொள்ள ஒரு தம்பதி எடுக்கும் முடிவு சமூகத் துரோகம்போல் மேடைகளில் பேசப்பட்டதை நானும் கேட்டிருக்கிறேன். இவ்விரு எண்ணிக்கைகளுக்கும் நடுவில் படுத்திருக்கும் இருவரை எழுதுவது இன்று அரசியல் எழுத்துமாகும்.

பெண்கள் எழுத வேண்டிய விடயம் இது என்று எமது ஆண் எழுத்தாளர்கள் கைகழுவி விடுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த பாதி அவர்களிடம்தான் இருக்கிறது. மனைவி கேட்டனுப்பியதை வாங்க பாமசிக்குப் போய், கவுண்டரில் சாச்சாவின் மகன் நிற்பதைக் கண்டதும், பனடோல் கார்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு சைக்கிளைத் திருப்பிய ஆண்களை ஊருக்கு ஊர் காணலாம். வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவியிடம் என்ன சொன்னான் என்பதை அவனைத் தவிர வேறு யார் எழுதுவது?