மகமைக்குள் வராத ஓவியம்

விருதுநகர் வட்டாரத்து வியாபாரிகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்த யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிடித்து, வீடுவீடாகப் பிடியரிசி வாங்கி, சத்திரிய வித்யாசாலையை வளர்த்தவர்கள். 1889-இல் தொடங்கிய அந்தப் பள்ளியில்தான் காமராஜர் படித்தார். பின்னாளில் தொழிலதிபர்கள் பணத்தில் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி (1963), மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி (1984) என்று வரிசையாக வந்தன. ஓவியத்துக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லை. அதை வளர்த்தது ஆர்டர்தான்.

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு லித்தோ அச்சகம், அச்சகத்துக்கு ஓவியர். பட்டாசுக்கும் அப்படியே: குருவி வெடிக்குக் குருவி, லட்சுமி வெடிக்குத் தாமரைமேல் லட்சுமி. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் படத்தைக் காட்டிச் சரக்குக் கேட்டார். (வெடித்துச் சிதறும் தாளில் சாமி படமா என்ற முணுமுணுப்பும் இன்றுவரை உண்டு.) லித்தோவில் நிறத்துக்கு ஒரு கல். இந்தப் பச்சைக்குள் எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்று கண்ணாலேயே பிரித்துப் புள்ளி வைக்க வேண்டும். எந்தக் கலைக் கல்லூரிப் பாடத்துக்கும் குறையாத படிப்பு அது, சான்றிதழ்தான் கிடையாது.

இன்னொரு பள்ளி கோவில்பட்டியில் இருந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்த சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர். கம்பெனி கலைந்ததும் 1940களில் அங்கேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், மீனாட்சிசுந்தரம் எல்லாம் அவர் பட்டறையில் உருவானவர்கள். அந்தக் காலத்துக் காலண்டர் படம் சிலவற்றின் அடிமூலையை உற்றுப் பாருங்கள்: கொண்டையராஜு, சுப்பையா என இரண்டு பெயர் சேர்ந்தே இருக்கும். சீடன் கைவேலையைத் தன் பெயருக்குள் மறைக்காத குரு. அவரைப் பற்றி விரிவாக எழுத கனடாவிலிருந்து ஸ்டீஃபன் இங்லிஸ் வர வேண்டியிருந்தது. சிவகாசி உட்பட இந்தியக் காலண்டர் படத் தொழிலை கஜ்ரி ஜெயின் 2007-இல் முழு நூலாகவே எழுதினார்.

ஆர்மீனியர்களை இங்கே இழுப்பது காரணமில்லாமல் இல்லை. அவர்களும் வியாபாரிகள், சிதறிப் போனவர்கள், உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794-இல் அச்சானது நம் சென்னையில். 1906-இல் கெய்ரோவில் தொடங்கிய ஆர்மீனியப் பொது நற்பணி ஒன்றியம், எண்ணெய் வியாபாரி குல்பெங்கியான் உயில்படி 1956-இல் லிஸ்பனில் அமைந்த அறக்கட்டளை ஆகியவற்றை நம் மகமையின் பெரிய வடிவம் என்றே சொல்லலாம். வித்தியாசம், அவர்கள் கலையையும் கணக்கில் சேர்த்தது. யெரெவானில் 1970-இலேயே ஹென்ரிக் இகித்யான் குழந்தைகள் ஓவியங்களுக்கென்று கலைக்கூடம் திறந்தார். 2011-இல் அதே நகரில் வந்த டூமோ மையம் 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அனிமேஷனும் வடிவமைப்பும் இலவசமாகக் கற்றுத்தருகிறது. வெளிநாட்டில் பொருளீட்டிய குடும்பத்தின் பணம் அது.

இங்கே பிள்ளைகளுக்கும் படத்துக்கும் இருந்த உறவு வேறு. சிவகாசி சுற்றுவட்டாரக் கிராமங்களில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிய விரல்களில் பிள்ளைகளுடையவை ஏராளம். குழந்தைத் தொழிலாளர் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபிறகுதான் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பும் வேலை வேகம் பிடித்தது. சிவகாசிப் பக்கத்து ஆனைக்குட்டம் போன்ற ஊரில், அப்படிப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அங்கே ஓவியம் எந்த அளவுக்குக் கிடைக்கும் என்பது அரசைப் பொறுத்தது. 2012-இல் தமிழகம் முழுக்க ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். தொடக்கத்தில் தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவும் நடக்கிறது, பரிசும் தருகிறார்கள். அந்த மேடைக்குப் பிள்ளையைத் தயார்செய்ய வேண்டிய பகுதிநேர ஓவிய ஆசிரியருக்கு நியமனத்தின்போது ஒதுக்கப்பட்டது வாரத்தில் மூன்று அரைநாள்.