இருட்டுக்குச் செய்த பெட்டி

மழை விட்ட காலையில் ஜார்ஜ் டவுன் கடற்கரையில் நின்றால் வடக்கே ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரத்தில், கடாரம் எனப்பட்ட கெடாவின் புஜாங் பள்ளத்தாக்கில், மெர்போக் அருகே, புக்கிட் பத்து பகாட் கோயில். கூரை போய்விட்டது, கல் தளம் மட்டும். 1930களில் தொல்லியல் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டினார்; 1959-60இல் அலஸ்டர் லாம்ப் திரும்ப அடுக்கி நிறுத்தினார்.

கட்டடத்தைவிட என்னைக் கட்டிப்போடுவது அதற்குள் புதைந்திருந்த கல் பேழைகள்தான். சிறிய கருங்கல், குடைந்த குழி, மேலே கல் மூடி. உள்ளே செம்புக் கலயம், பொன், வெள்ளி, மணிக்கற்கள். கருப்பேழை என்று நம் சிற்பிகள் சொல்வது இதைத்தான். கோயில் ஓர் உடல், அதற்கு உயிர் வைக்கும் சடங்கு கர்ப்பநியாசம். வீட்டு நிலை வைக்கையில் நவதானியமும் காசும் முடிகிறோமே, அதன் மூத்த அக்காள்.

1854இல் கோர்சாபாத்தில், அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோனின் அரண்மனை அடியிலும் ஒரு கல் பெட்டி கிடைத்தது. அதில் பொன், வெள்ளித் தகடுகள்; ஆனால் அவற்றில் மன்னன் தன் பெயரைப் பொறித்திருந்தான். கடாரத்துப் பேழை எனக்குக் கூடுதலாகப் பிடிப்பது அதனால்தான்: கட்டியவன் பெயர் சொல்வதில்லை. மூடியபின் எவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே கருங்கல்லை அவ்வளவு பொறுமையாகக் குடைந்திருக்கிறான் ஒருவன். உளி சற்றுத் தவறினாலும் கேட்க ஆளில்லை.

இப்போது பள்ளத்தாக்கின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள், விளக்கு வெளிச்சத்தில் இருக்கின்றன அத்தகைய பேழைகள். பார்க்கையில் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.