'பியர்ஸ்' என்றால் துளைத்தல் மட்டும்தானா?

படிவம் நான்கு மாணவர்களுக்கு ஒரு சின்ன மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்தேன். எங்கள் ஊர்க் காஜாங் சாத்தே பற்றிய ஆங்கிலப் பத்தி. அதில் 'பியர்ஸ்' என்ற வினை வந்தது. ஒரு மாணவி, "கறித்துண்டுகளைக் குச்சியில் கோத்து" என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் அடித்து, 'துளைத்து' என்று திருத்தினேன். "டீச்சர், எங்க வீட்டுல யாரும் கறியைத் துளைக்க மாட்டாங்களே!" என்றாள். வகுப்பே சிரித்தது. யோசித்துப் பார்த்தால், அவள் எழுதியதுதான் சரி.

தவறு எங்கே? கையடக்க அகராதியில் முதலில் கண்ட சொல்லையே நான் விடையாக எடுத்துக்கொண்டேன்.

'பியர்ஸ்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேர் லத்தீனில் இருக்கிறது: 'பெர்' என்றால் ஊடாக, 'துந்தெரே' என்றால் இடித்தல். இடித்துக்கொண்டு ஊடே போவதுதான் அதன் மூலப்பொருள். ஊசியோ அம்போ குளிரோ, எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே வினை போதும். தமிழில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்து வினை மாறும்:

- காது, மூக்கு: குத்துதல்
- முள், அம்பு: தைத்தல்
- மணி, பூ, கறித்துண்டு: கோத்தல்
- ஓட்டை விழுந்தால்: துளைத்தல்
- உட்புகுந்து கடந்தால்: ஊடுருவுதல் (ஊடு + உருவு)

அறிவியல் பாடத்தில் 'ஒளி ஊடுருவும் பொருள்' என்கிறோம். அங்கே 'துளைக்கும்' என்று எழுதினால் கண்ணாடியில் ஓட்டை விழுந்துவிடும்!

இது வெறும் மதிப்பெண் விஷயம் இல்லை. தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளை ஏறும் பக்தர்கள் அலகு குத்திக்கொள்கிறார்கள். ஆங்கிலச் செய்தியைப் பார்த்து 'உடலைத் துளைத்துக்கொள்கிறார்கள்' என்று எழுதினால் என்ன ஆகும்? நேர்த்திக்கடன் காணாமல் போய், காயம் மட்டும்தான் மிஞ்சும். நம் வழிபாட்டையே வெளியாள் கண்ணால் பார்த்ததுபோல் ஆகிவிடும்.

அதற்காகத் 'துளை' என்ற சொல்லை ஒதுக்கவும் வேண்டாம். 'காதைத் துளைக்கும் சத்தம்', 'கேள்விகளால் துளைத்தெடுத்தார்' எல்லாம் நல்ல தமிழ்தான். இடம் பார்த்துப் போட வேண்டும், அவ்வளவே.

மாணவர்களே, ஆங்கிலம்–தமிழ் அகராதியில் ஒரு சொல் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதே சொல்லை க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் (முதற்பதிப்பு 1992) தேடி, எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படியுங்கள். பிறகு, "இதை வீட்டில் எப்படிச் சொல்வோம்?" என்று உங்களையே கேளுங்கள்.

ஆசிரியர்களே, அகராதியில் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு விடையை அடிக்காதீர்கள். அந்த மாணவிக்குரிய மதிப்பெண்ணை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.