சோழர் கப்பல் செய்யலாமா? மர மாதிரிக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு

பல வருஷம் விட்டுவிட்டு மறுபடியும் மரக்கப்பல் மாதிரி செய்ய உட்காருகிறவர்களுக்கு முதலில் வருகிற பயம், கை வருமா என்பது. வரும். நாலு பலகை உடைந்தால் ஐந்தாவது வளைந்துவிடும். உண்மையான கேள்வி வேறு: எந்தக் கப்பலைச் செய்வது?

நான் இருப்பது மந்தாரக்குப்பத்தில். ஒரு பக்கம் நிலக்கரிச் சுரங்கம், மறுபக்கம் முந்திரித் தோப்பு. கடல் பார்க்க வேண்டுமென்றால் கடலூருக்கு பஸ் ஏறணும். இங்கிருந்து கொண்டு கப்பல் மாதிரி பற்றி யோசிக்கிறவர் பெரும்பாலும் கடலை விட்டுவிட்டு இணையத்தில் கிடைக்கும் கிட்களைத்தான் பார்ப்பார். நானும் பார்த்தேன். ஸ்பெயினின் ஆர்ட்டெசானியா லத்தீனா, டென்மார்க்கின் பில்லிங் போட்ஸ், இத்தாலியின் அமாட்டி. பெட்டிக்குள்ளே விக்டரி, கட்டி சார்க், பவுண்டி. எல்லாம் நல்ல கப்பல்கள்தான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கு.

கிட் ஒரு கட்டுமான முறையையும் சேர்த்தே சொல்லித் தருகிறது. முதலில் நடுத்தண்டு, அதில் குறுக்குச் சட்டங்கள், கடைசியில் அவற்றின் மேல் பலகை ஒட்டுவது. எலும்பு முதலில், தோல் பிறகு. ஐரோப்பியர் பெரிய கப்பல்களைக் கட்டிய ஒழுங்குக்கு இது ஏறக்குறைய பொருந்தும். இந்தியப் பெருங்கடலின் பழைய மரபோ நேர் எதிர். பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் துளை போட்டு, தேங்காய்நார்க் கயிற்றால் தைப்பார்கள். உடம்பு உருவான பிறகுதான் உள்ளே சட்டம் வரும். சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகு, அதாவது சலங்கு, இப்படித் தைத்ததுதான். அலை அடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு நெகிழ்ந்து கொடுக்கும். இதைக் கிட் முறையில் சட்டம் வைத்து ஒட்டினால் வெளித்தோற்றம் கிடைக்கும். அந்தப் படகு எதற்காக அப்படி இருந்தது என்பது மட்டும் கிடைக்காது.

சரி, கிட் வேண்டாம், நம்ம கப்பலையே செய்யலாம் என்றால் உடனே எல்லோர் மனசிலும் வருவது சோழர் கப்பல். இங்கேதான் எனக்குப் பெரிய தயக்கம்.

திருநெல்வேலி அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கப்பல் மாதிரியின் படம் இணையத்தில் பல வருஷமாகச் சுற்றுகிறது. பூம்புகாருக்கு அப்பால் கிடைத்த சிதைவை அடிப்படையாகக் கொண்ட சோழர் கப்பல் என்பது அதனோடு வரும் விளக்கம். ஆனால் கோவாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவனத்தார் பூம்புகாருக்கு அப்பால் 19 மீட்டர் ஆழத்தில் ஆராய்ந்து கட்டுரையாக வெளியிட்ட சிதைவில் இருந்தவை ஈயக் கட்டிகள். அவற்றில் பிளாக்கெட் என்ற ஆங்கிலப் பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருக்கின்றன. அது ராஜராஜனுக்கு ஏறத்தாழ எண்ணூறு வருஷம் பிந்திய கப்பல். அந்த மாதிரியின் உடல் வடிவத்துக்கு என்ன ஆதாரம் என்று அந்தப் படத்தைப் பகிர்கிறவர்கள் யாரும் கேட்பதில்லை.

1025 வாக்கில் ராஜேந்திரனின் படை கடல் கடந்து கடாரம் போனது கல்வெட்டில் இருக்கு. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் கல்வெட்டு கப்பல் போனதைச் சொல்கிறது; அதன் நீளம், அகலம், பாய்மரம் எத்தனை என்று சொல்வதில்லை. கடைகளில் விற்கும் புலிமுகக் கப்பல் நமது ஆசையின் மாதிரி. ஆசை தப்பில்லைங்க. ஆதாரம் என்ற லேபிளை அதில் ஒட்டுவதுதான் தப்பு.

ஆதாரம் குறைவாக இருக்கும்போது எப்படிச் செய்யலாம் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் ஒரு 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சிதைவு கிடைத்தது, தைத்த கப்பல். அந்த மரங்களை ஆராய்ந்து ஓமானில் கட்டிய 'ஜூவல் ஆஃப் மஸ்கட்' 2010இல் சிங்கப்பூர் வரை பாய் விரித்துப் போனது. இதற்குக் கையில் உண்மையான மரம் இருந்தது.

இன்னொன்று நம்ம கடற்படையின் 'கௌண்டின்யா'. அஜந்தாவின் 5ஆம் நூற்றாண்டு ஓவியத்தை வைத்து, கேரளத் தச்சர்கள் தைத்துக் கட்டி, 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்த கப்பல். ஓவியம் தருவது ஒரு தட்டையான தோற்றம் மட்டும். அதிலிருந்து முழு உடலை ஊகித்து, சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையில் மாதிரி வைத்துத் தண்ணீரில் சோதித்தார்கள். இதுதான் மாதிரிக்கு உண்மையான வேலை: ஊகம் மிதக்குமா என்று கேட்பது. ஆனால் அதே கப்பலின் பாயில் கண்டபேருண்டம், முகப்பில் சிம்ம யாளி, மேல்தளத்தில் ஹரப்பா பாணிக் கல் நங்கூரம். உடம்பில் காட்டிய நிதானம் அலங்காரத்தில் இல்லை. மூவாயிரம் வருஷத்தை ஒரே தளத்தில் ஏற்றிவிட்டார்கள். பார்க்கிற பள்ளிப் பிள்ளை இவற்றில் எது ஓவியத்திலிருந்து வந்தது, எது சேர்த்தது என்று எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

அப்போ எதைத்தான் செய்வது? நம்மிடம் அளவோடு பதிவான கப்பல்கள் இருக்கு. யாரும் அவற்றைத் தேடுவதில்லை, அவ்வளவுதான். திருகோணமலைக் கப்பல் துறையில் வேலை பார்த்த ஜான் எடை 1834இல் சோழமண்டலக் கரை, மலபார், இலங்கைக் கலங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கட்டுமரம், மசூலா, தோணி எல்லாம் அதில் உண்டு. அவர் தோணிக்குத் தரும் அளவு சுமார் 70 அடி நீளம், 20 அடி அகலம். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பாரி 1840களின் தொடக்கத்தில் வெளியிட்ட பெரிய நூலில் நம் கரைக் கலங்களின் வரைபடங்கள் இருக்கின்றன. பின்னாளில் பாரிஸில் கடற்படை அருங்காட்சியகப் பொறுப்புக்கு வந்ததும், அப்படிப்பட்ட வரைபடங்களிலிருந்து மாதிரிகளும் செய்ய வைத்தார். அதாவது நம்ம ஊர்த் தோணி மாதிரியைப் பார்க்க பாரிஸ் போகணும். நம்ம அருங்காட்சியகத்தில் புலிமுகம்!

எடையின் தோணியை 48இல் ஒரு பங்காகச் செய்தால் பதினேழரை அங்குல நீளம், ஐந்து அங்குல அகலம். வீட்டு மேசையில் அடங்கிவிடும். பண்ருட்டி பக்கத்தில் பலா மரத்துக்குப் பஞ்சமில்லை. பலகையை மெல்லிசாக அறுத்துத் தர ஒரு மரக்கடை போதும். வால்நட் இறக்குமதி செய்ய வேண்டாம்.

எனக்கு இதில் அவசரம் ஒன்றும் தெரிகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த கட்டுமரம் பல குப்பங்களில் ஒதுங்கிவிட்டது. மீனவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு ஃபைபர் படகு வசதி. ஆனால் எந்த மரத்தை எங்கே செதுக்கி, எந்த முடிச்சில் கட்டினார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு வயசாகிக்கொண்டே போகிறது. 1938இல் வல்வெட்டித்துறையின் 'அன்னபூரணி' அட்லாண்டிக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது. அந்த மாதிரிக் கலம் கட்டிய அறிவு தச்சர்களின் கையில்தான் இருந்தது, காகிதத்தில் ரொம்பக் கொஞ்சம். சோழர் கப்பலை அளக்க இனி வழியில்லை. கரையில் கிடக்கும் கடைசிக் கட்டுமரத்தை இன்றைக்கும் டேப் பிடித்து அளக்கலாம், கட்டியவரிடம் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

சோழர் கப்பல்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு யோசனை: ஆதாரம் உள்ள பகுதிக்கு ஒரு நிற மரம், ஊகத்துக்கு வேறு நிற மரம். செய்து பாருங்கள். எவ்வளவு இடத்தில் இரண்டாவது மரம் வருகிறது என்று பார்க்கிறபோது விஷயம் தானே விளங்கும். நான் அடுத்த சனிக்கிழமை கடலூர் முதுநகர் போகிறேன், டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு.